உங்கள் ஊரில் விவசாய மானியம் யார் யாருக்குப் போகிறது? பட்டியல் பார்ப்பது முதல் மேல்முறையீடு வரை

யார் யாருக்கு எந்த மானியம் கொடுத்தோம் என்பதை அரசு அலுவலகம் நாம் கேட்காமலேயே வெளியிட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ), 2005 அப்படித்தான் சொல்கிறது. அதன் 4(1)(பி) பிரிவில், அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டியவை என்று 17 தலைப்புகள் இருக்கின்றன. 12-ஆவது தலைப்பு நமக்கானது: மானியத் திட்டங்கள் நடத்தப்படும் முறை, ஒதுக்கிய தொகை, பயனாளிகள் விவரம்.

நடைமுறை வேறு. அலுவலகச் சுவரில் என்றைக்கோ ஒட்டிய பட்டியல் பாதி கிழிந்து தொங்கும், அல்லது அதுவும் இருக்காது. இணையத்தில் சில திட்டங்களுக்கு நல்ல பட்டியல் உண்டு, சிலவற்றுக்கு மொத்த எண்ணிக்கை மட்டும்தான். ஆகவே பாதி வேலையைக் கைபேசியிலேயே முடித்துவிடலாம், மீதிப் பாதிக்கு மனு எழுத வேண்டும். இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

எந்தப் பணத்தைத் தேடுகிறீர்கள்?

மானியம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். தேடப் போனால் அது நான்கைந்தாகப் பிரிகிறது, ஒவ்வொன்றின் தடமும் ஒவ்வொரு அலுவலகத்தில் போய் நிற்கிறது.

வங்கிக் கணக்கில் நேராக விழும் பணம் ஒரு வகை. மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பிஎம்-கிசான் உதவித்தொகை, பயிர்ச்சேத நிவாரணம் இரண்டும் இதில் வரும். அடுத்தது பொருளாகத் தருவது: மானிய விலை விதை, தார்ப்பாய், தெளிப்பான், ஜிப்சம், நுண்ணூட்டக் கலவை. இதற்கான பதிவேடு வேளாண்மை விரிவாக்க மையத்தில் இருக்கும். மூன்றாவது, சொட்டுநீர்க் கருவி, பவர் டில்லர் மாதிரி பெரிய செலவுகளுக்கான மானியம். பின்னேற்பு மானியமாக (முதலில் நாம் செலவழித்து, பிறகு பெறுவது) விவசாயி கணக்குக்கு வருவதும் உண்டு, கருவி அமைத்த நிறுவனத்துக்குப் போவதும் உண்டு. யார் பெயரில் பில், யார் கணக்கில் பணம் என்ற கேள்வி இந்த வகையில்தான் முக்கியமாகிறது.

நான்காவது வகைக்கு ஆள் பட்டியல் நம் கைக்கு வராது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறதே, அதன் உண்மை விலைக்கும் இதற்கும் இடையிலுள்ள தொகை உர நிறுவனத்துக்குப் போகிறது. 2025-26 மத்திய பட்ஜெட்டில் உர மானியத்துக்கு ஒதுக்கியது சுமார் 1.68 லட்சம் கோடி ரூபாய். பிஎம்-கிசானுக்கு 63,500 கோடி. அதாவது, பெயர் தெரிகிற பணத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் பெயர் தெரியாமலே போகிறது. பம்புசெட் இலவச மின்சாரமும் இந்தக் கணக்கில்தான் சேரும். யாருக்கு எத்தனை யூனிட் என்று அளக்க மீட்டரே பெரும்பாலான இணைப்புகளில் இல்லை. இவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு தாளில் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள்: திட்டத்தின் பெயர், நிதியாண்டு, வருவாய் கிராமத்தின் பெயர். மூன்றாவதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். நாம் ஊர் என்று சொல்வது பெரும்பாலும் குக்கிராமம். அரசுக் கணக்கு வருவாய் கிராமத்தின்படி ஓடுகிறது. உங்கள் சிட்டாவின் தலைப்பில் எந்தக் கிராமம் அச்சாகியிருக்கிறதோ, அதுதான் தேட வேண்டிய பெயர்.

பிஎம்-கிசான் பட்டியலைத் திறப்பது

பழகுவதற்கு இதுவே சுலபமான இடம். திட்டம் 2019 பிப்ரவரி 24-இல் தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒரு தவணையாக 2,000. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள், அதே ஆண்டில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். 21-ஆவது தவணையை 2025 நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் வைத்து விடுவித்தார்கள்.

திட்டத்தின் இணையதளத்துக்குப் போங்கள். முகப்பில் விவசாயிகளுக்கான பகுதி இருக்கும், அதில் பயனாளிகள் பட்டியல் என்ற பெட்டியைத் தட்டுங்கள். மாநிலம், மாவட்டம், துணை மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று ஐந்து படி கேட்கும். துணை மாவட்டம் என்பது நம் வட்டம், அதாவது தாலுகா. வட்டாரம் என்பது ஒன்றியம். ஊர் பெயர் வரவில்லை என்றால் பதற வேண்டாம். மாவட்டம் பிரிந்த இடங்களில் பழைய மாவட்டத்தின் கீழ் தேடிப் பாருங்கள், எழுத்து மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கிராமத்தைத் தேர்ந்தெடுத்து அறிக்கை பெறச் சொன்னால் பெயர்கள் வரிசையாக வரும். ஆதார் எண், ஓ.டி.பி. எதுவும் கேட்காது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அதே தளத்தில் கிராம வாரியான தொகுப்புப் பக்கம் ஒன்றும் இருக்கிறது. எத்தனை பேர் விவரம் பதிவானது, எத்தனை பேருக்குப் பணம் போனது, எத்தனை பேர் நிறுத்தப்பட்டார்கள் என்ற எண்கள் அங்கே கிடைக்கும். முதல் நாளே இந்த எண்களைக் குறித்து வையுங்கள். அடுத்த தவணைக்குப் பிறகு திரும்பப் பார்த்தால் எது ஏறியது, எது இறங்கியது என்று தெரியும். பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால், பார்த்த தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது.

பட்டியலைப் படிப்பது தனி வேலை

பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும். நம் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் இதுதான் எழுத்து என்று ஒன்று கிடையாது. முருகேசன் நான்கு விதமாக வருவார். இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், இன்னோரிடத்தில் அப்பா பெயர் முழுசாக. ஆகவே ஒரே பெயர் இரண்டு முறை வந்துவிட்டால் ஒருவரே இரண்டு முறை வாங்குகிறார் என்று முடிவு கட்டக்கூடாது. நூறு குடும்பம் உள்ள ஊரில் மூன்று செல்வராஜ் இருப்பார்கள்.

தனியாக உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள். பட்டியலை அச்செடுத்து, ஊரின் நிலம் தெரிந்த இரண்டு பேரோடு உட்காருங்கள். ஒருமுறை அப்படி உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் படித்தோம். ஒரு பெயரைப் படித்ததும் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாட்டி தலையைத் தூக்காமலே, “அவரு காரியம் முடிஞ்சு மூணு வருசம் ஆச்சேப்பா” என்றார். எந்தக் கணினியும் அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்காது. ராஜஸ்தானில் 1990-களில் நடந்த மக்கள் விசாரணைகளில் செய்ததும் இதைத்தான். அரசு வேலைக்கான வருகைப் பதிவேட்டை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள், இறந்தவர்களும் அந்த வேலைக்கே போகாதவர்களும் கூலி வாங்கியது வெளியே வந்தது. தகவல் உரிமைக்கான கோரிக்கை அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

சரி, யாருடைய பெயர் இருக்கக்கூடாது? வருமான வரி கட்டியவர்கள், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர்கள், பணியிலுள்ள அல்லது ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் (கடைநிலை ஊழியர் தவிர), அமைச்சர், எம்.பி., எம்.எல்.ஏ., மேயர், மாவட்ட ஊராட்சித் தலைவர் பதவிகளில் இருப்பவர்கள் அல்லது இருந்தவர்கள், தொழில் நடத்தும் டாக்டர், வக்கீல், பொறியாளர், ஆடிட்டர். நிறுவனத்தின் பெயரிலுள்ள நிலத்துக்கும் கிடையாது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள். அந்தக் குடும்பத்துக்கு ஒரு தொகைதான். கணவன் பெயரும் மனைவி பெயரும் தனித்தனியாக இருந்தால் கேட்க வேண்டிய விஷயம்.

ஆனால் அண்ணன் தம்பி நால்வர் ஒரே கூட்டுப் பட்டாவில் இருந்து நால்வருக்கும் பணம் வந்தால் அது தவறில்லை. நால்வருக்கும் தனிக் குடும்பம் இருந்தால் நால்வருக்கும் உரிமை உண்டு. ஊரில் வீண் சண்டை வருவது பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான். வெளியூரில் வேலை பார்க்கிறார், ஆனால் பெயர் இருக்கிறது என்பதும் தானாகக் குற்றம் ஆகாது. விதி நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கிறது, கையில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவில்லை.

என் கண்ணில் இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டையும் அதுதான். நிலத்தை வைத்திருப்பவர் சென்னையில் இருந்தாலும் அவருக்கு 6,000. அதே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவருக்கு ஒன்றுமில்லை. மேலும், 2019 பிப்ரவரி 1 அன்று யார் பெயரில் நிலம் இருந்ததோ அவர்தான் தகுதியானவர். அதன் பிறகு கிரயம் வாங்கியவருக்குக் கிடையாது, வாரிசாகப் பெற்றவருக்கு மட்டும் விலக்கு. பட்டியலைப் பார்க்கும்போது இருக்கக்கூடாத பெயரைத் தேடும் ஆர்வத்தில், இருந்திருக்க வேண்டிய பெயர் இல்லாமல் போனதை மறந்துவிடுகிறோம். இரண்டாவது பட்டியலையும் எழுதுங்கள்: ஊரில் நிலம் இருந்தும் பெயர் வராதவர்கள். அதில் பலர் விதவைகளாக இருப்பார்கள், கணவர் இறந்தபின் பட்டா மாறாமல் கிடக்கும். ஆதார் இணைப்போ இ-கேஒய்சியோ முடியாமல் நின்று போனவர்களும் உண்டு. கள்ளப் பெயரைப் பிடிப்பதைவிட இவர்களுக்குப் பணம் வரவைப்பது சீக்கிரம் நடக்கும், ஊரில் நல்ல பெயரும் கிடைக்கும்.

2020-இல் என்ன நடந்தது

பட்டியல் வெளியில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. விவசாயிகள் தாமாகவே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்ற வசதி வந்தபிறகு, 2020 ஆகஸ்டில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் நிலமே இல்லாத பலரின் பெயர்கள் பயனாளிகளாக ஏறியிருப்பது தெரிய வந்தது. வேளாண்மைத் துறையின் உள்நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் வெளியாட்கள் கைக்குப் போயிருந்தன. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் தகுதியற்றவை என்று கண்டறிந்தார்கள். சுமார் 110 கோடி ரூபாய் போயிருந்தது. சி.பி.சி.ஐ.டி. வழக்கு, ஒப்பந்த ஊழியர்கள் நீக்கம், பணத்தைத் திரும்ப வசூலிப்பது என்று மாதக்கணக்கில் ஓடியது.

பெயர் ஏறியவர்களில் பலர் ஏமாற்றப்பட்ட ஏழைகள். கொரோனா நிவாரணம் என்று சொல்லி ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கிக்கொண்டு, வந்த பணத்தில் கமிஷன் எடுத்தவர்கள் வேறு ஆட்கள். பட்டியலைப் பிடித்துக்கொண்டு யாரையாவது திருடன் என்று சொல்லுமுன் இதை நினைவில் வையுங்கள். பெயர் அவருடையதாக இருக்கலாம், கை அவருடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

நாடு முழுவதற்குமான கணக்கு ஒரு ஆர்டிஐ மனுவால் வந்தது. மத்திய வேளாண் அமைச்சகம் கொடுத்து, 2021 ஜனவரியில் வெளியான அந்தப் பதிலின்படி, தகுதியில்லாத 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி ரூபாய் போயிருந்தது. அவர்களில் பாதிக்கு மேல் வருமான வரி கட்டுபவர்கள். பத்து ரூபாய் மனுவில் வந்த தகவல்.

மாநில மானியங்களின் தாள் எங்கே இருக்கும்?

இங்கே பட்டியல் கைபேசியில் அவ்வளவு எளிதாக வராது. தமிழ்நாடு அரசின் உழவன் செயலியில் என்னென்ன திட்டம், எவ்வளவு மானியம் என்பது தெரியும். போன ஆண்டு உங்கள் கிராமத்தில் யார் வாங்கினார்கள் என்று தெரிய அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

எந்த அலுவலகம்? விதை, உயிர் உரம், தார்ப்பாய் என்றால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம். காய்கறி, பழக்கன்று, பந்தல் என்றால் தோட்டக்கலை உதவி இயக்குநர். டிராக்டர், பவர் டில்லர், களையெடுக்கும் கருவி என்றால் வேளாண்மைப் பொறியியல் துறை. சொட்டுநீர் பயிரைப் பொறுத்து முதல் இரண்டில் ஒன்றில் இருக்கும். மூன்று துறையும் ஒரே வளாகத்தில் இருந்தாலும் மனு தனித்தனிதான்.

இவற்றில் கவனிக்க வேண்டியவை திட்டத்துக்குத் திட்டம் மாறும். சொட்டுநீரில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. இந்த 25 சதவீத வித்தியாசத்துக்காகவே பெரிய நிலத்தைக் குடும்பத்தில் நான்கு பெயரில் காட்டி சிறு விவசாயி சான்று வாங்குவது நடக்கிறது. பட்டியலில் அடுத்தடுத்த சர்வே எண்கள், ஒரே நிறுவனம், ஒரே வாரத்தில் பணம் என்றால் அந்த நிலத்தைப் போய்ப் பாருங்கள். ஒரு முறை மானியம் வாங்கிய நிலத்துக்கு ஏழு ஆண்டு கழித்துத்தான் மறுபடி வாங்க முடியும். ஆகவே பழைய ஆண்டுப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சர்வே எண்ணை ஒப்பிடுவது பலன் தரும். இயந்திரங்களில் சிறு, குறு, மகளிர், பட்டியலின விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் உண்டு. மனைவி பெயரில் பில், ஓட்டுவது வாடகைக்கு விடும் கணவர் என்பது ஊருக்கே தெரிந்த கதை. அது விதிமீறலா என்பது திட்ட ஆணையின் வாசகத்தைப் பொறுத்தது. அதனால் பட்டியல் கேட்கும் மனுவிலேயே வழிகாட்டு நெறிமுறையின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள்.

பயிர்ச்சேத நிவாரணம்தான் எல்லாவற்றிலும் சூடானது. 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்றால்தான் நிவாரணம். அந்தச் சதவீதத்தை எழுதுகிறவர்கள் கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண் அலுவலரும். பக்கத்து வயலுக்கு 40, நம் வயலுக்கு 30 என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. இங்கே பணம் வந்த பிறகு பட்டியலைக் கேட்பதில் பெரிய லாபமில்லை. கணக்கெடுப்பு நடக்கும் வாரத்திலேயே, வரைவுப் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டச் சொல்லி எழுதிக் கொடுங்கள். உங்கள் வயலைத் தேதி, இருப்பிடம் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். அந்தப் பருவத்தின் அடங்கலில் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கு) என்ன பயிர் எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். நெல் நின்ற இடத்தில் தரிசு என்று இருந்தால் எந்த மனுவாலும் காப்பாற்ற முடியாது.

மனு எழுதுவது

வெள்ளைத்தாள் போதும். அச்சடித்த படிவம், வக்கீல் எதுவும் வேண்டாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, 6(2) பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், மத்திய அலுவலகத்துக்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை, சான்றின் நகல் வைக்க வேண்டும். இணையத்திலும் அனுப்பலாம்.

மனு இப்படி இருக்கலாம்:

பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம், (வட்டாரத்தின் பெயர்).

பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(1)-இன் கீழ் தகவல் கோருதல்.

(வருவாய் கிராமத்தின் பெயர்) கிராமத்தில் 2023-24, 2024-25 நிதியாண்டுகளில் நுண்ணீர்ப் பாசனத் திட்டம் தொடர்பாகக் கீழ்க்காணும் தகவல்களை வழங்கக் கோருகிறேன்.

1. மானியம் பெற்ற பயனாளியின் பெயர், நிலத்தின் சர்வே எண், பரப்பு, கருவி அமைத்த நிறுவனம், மானியத் தொகை, தொகை விடுவித்த நாள் ஆகியவை அடங்கிய பட்டியலின் நகல்.
2. மேற்படி நிலங்களில் கள ஆய்வு செய்த அலுவலரின் பதவி, ஆய்வு நாள், ஆய்வு அறிக்கை நகல்.
3. விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை, நிராகரிப்புக் காரணம் பதிவான பக்கங்களின் நகல்.
4. இத்திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறை நகல்.
5. மேற்கண்ட பதிவேடுகளை நேரில் பார்வையிட நாளும் நேரமும்.

கோரப்படும் தகவல் பிரிவு 4(1)(பி)(12)-இன்படி தாமாக முன்வந்து வெளியிட வேண்டியது. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் எனக்குத் தேவையில்லை. பிரிவு 10-இன்படி அவற்றை நீக்கிவிட்டு எஞ்சியதைத் தரலாம்.

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தனிநபர் விவரம் என்று சொல்லி மொத்தமாக மறுப்பதற்கான கதவை அது பாதி அடைக்கிறது.

கேள்விகளில் “ஏன்” என்று எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். “ஏன் அவருக்குக் கொடுத்தீர்கள்” என்று கேட்டால், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருக்கிற தாளைக் கேளுங்கள். பத்து வருடம், முழு மாவட்டம் என்றும் கேட்காதீர்கள். ஒரு கிராமம், ஒரு திட்டம், இரண்டு ஆண்டு. அது போதும்.

ஐந்தாவது கேள்வி என் விருப்பம். நகலுக்கு பக்கத்துக்கு 2 ரூபாய், பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம். நேரில் போய்ப் பதிவேட்டைப் புரட்டினால் நகலில் தெரியாதது தெரியும். விதைப் பதிவேட்டில் இருபது கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே கையால் போட்ட மாதிரி இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். நகலில் அது வெறும் கறுப்புக் கோடு. கூட ஒருவரை அழைத்துப் போங்கள், நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், குரலை உயர்த்தாதீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் இந்தத் தவறோடு சம்பந்தமே இல்லாத, நான்கு ஆள் வேலையை ஒருவராகப் பார்க்கும் உதவியாளர்.

தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் கவலையில்லை. 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும்.

“தனிநபர் தகவல், தர இயலாது” என்று வந்தால்

முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், வந்து மறுத்திருந்தாலும் அடுத்த முப்பது நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதிலும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அங்கே காத்திருப்பு நீளம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுப்புக்குப் பெரும்பாலும் காட்டும் பிரிவு 8(1)(ஜே). முன்பு அந்தப் பிரிவில், பொது நலன் இருந்தால் தனிநபர் தகவலைத் தரலாம் என்ற வாசகம் இருந்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வாசகத்தை எடுத்துவிட்டது. திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இனிமேல் பெயர் கேட்டாலே மறுக்கலாம் என்று சில அலுவலகங்கள் நினைக்கும். ஆனால் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது: வெளியிடுவதால் வரும் பொது நலன் பாதிப்பைவிடப் பெரிது என்றால் தரலாம். 4(1)(பி)(12)-உம் அப்படியே இருக்கிறது. மேல்முறையீட்டில் இந்த இரண்டையும் எண் போட்டு எழுதுங்கள். பிஎம்-கிசானில் மத்திய அரசே பெயர்களைக் கிராம வாரியாக வெளியிடும்போது மாநில மானியத்துக்கு மட்டும் ஏன் மறைக்க வேண்டும் என்ற வாதத்தையும் ஒரு வரி சேருங்கள். மனுவில்தான் “ஏன்” கூடாது, மேல்முறையீட்டில் தாராளமாகக் கேட்கலாம்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் வந்ததில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் மானியம் பெறும் எல்லோர் பெயரையும் தொகையோடு இணையத்தில் போட்டார்கள். ஜெர்மனியின் இரண்டு விவசாயத் தரப்பினர் தொடுத்த வழக்கில், தனி விவசாயிகளின் பெயரை அப்படி வேறுபாடில்லாமல் வெளியிடுவது அளவு மீறியது என்று 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2013-இல் விதியை மாற்றி எழுதினார்கள். சிறு தொகை வாங்குபவர்களின் பெயரை விட்டுவிட்டு மற்றவர்களை வெளியிடுவது என்று ஆனது. எனக்கு அது நியாயமாகப் படுகிறது. ஒரு மூட்டை விதை வாங்கியவரின் பெயர் ஊருக்குள் தெரிந்தால் போதும், உலகத்துக்குத் தெரிய வேண்டாம். பல லட்சம் மதிப்புள்ள இயந்திரம் வாங்கியவர் வேறு கணக்கு.

கையில் பட்டியல் வந்த பிறகு

வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். அலுவலகம் கவனமில்லாமல் வங்கி எண்ணோடு கொடுத்திருக்கலாம். அது பரவினால் சட்டச் சிக்கல் உங்களுக்கு, பண இழப்பு அந்த ஏழைக்கு.

சந்தேகமான பெயர்களை முதலில் நேரில் விசாரியுங்கள். பிஎம்-கிசானில் தகுதியில்லாமல் வாங்கியவர், வேண்டாம் என்று தாமாகவே விட்டுக்கொடுக்கவும் பணத்தைத் திருப்பிக் கட்டவும் அதே இணையதளத்தில் வழி இருக்கிறது. “அண்ணே, நீங்க பென்ஷன் வாங்குறீங்க, இது பின்னாடி பிடிப்பாங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் பலரும் கேட்டுக்கொள்வார்கள். ஊரில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும் இல்லையா.

அப்படிப் பேசித் தீராதது, குறிப்பாக இடைத்தரகர் இருப்பது தெரிந்தால், தனி ஆளாகப் போகாதீர்கள். ஐந்து பத்துப் பேர் கையெழுத்தோடு மாவட்ட ஆட்சியருக்கும் வேளாண்மை இணை இயக்குநருக்கும் மனு கொடுங்கள். இன்னொரு வழி கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் நடக்கிறது. வேளாண் துறை அலுவலரும் வருவார். “கடந்த ஆண்டின் மானியப் பயனாளிகள் பட்டியலை வாசிக்க வேண்டும்” என்று ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுத்து, பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். அன்றைக்கு எழுந்து நின்று கேட்டால், கொண்டு வரவில்லை என்று சொல்லித் தப்பிக்க இடம் இருக்கும். வாசித்ததும் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள்.

புகார் கொடுத்து இரண்டு மாதம் ஆனதும் இன்னொரு பத்து ரூபாய் மனு போடுங்கள்: நான் இன்ன தேதியில் கொடுத்த புகாரின் மேல் எடுத்த நடவடிக்கை, அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல், திரும்ப வசூலித்த தொகை. முதல் மனு எழுதிய அதே கையெழுத்தில், அதே முகவரியில் இருந்து, ஒப்புகை பெறும் வசதியோடு விரைவுத் தபாலில் போகட்டும். அந்த ஒப்புகையை மனுவின் நகலோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். ஆணையத்தில் விசாரணை வரும் நாளில் முதலில் கேட்பது அதைத்தான்.